திட்டுவதை நிறுத்தினேன், ஆல்டர் கூடிவிட்டது

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் யாரென்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

வயது 36. பள்ளிப்படிப்பு முடிந்ததும் பனியன் கம்பெனியில் கைமடிக்கச் சேர்ந்தவர். ஓவர்லாக் டெய்லராகி, லைன் சூப்பர்வைசராகி, எட்டு மாதமாகத் தையல் பிரிவுக்கே இன்சார்ஜாக இருக்கிறார். நான்கு லைன், 160 பேர், பெரும்பாலும் பெண்கள். ஒரு லைன் முழுக்க ஒடிசாவிலிருந்து வந்து கம்பெனி விடுதியில் தங்கியிருப்பவர்கள். முன்பு இருந்த இன்சார்ஜ் வாயைத் திறந்தாலே கெட்ட வார்த்தைதான். "நான் டெய்லராக இருந்தபோது அவரிடம் வாங்கிய பேச்சு இன்னும் மறக்கவில்லை. அந்த இடத்துக்கு நான் வந்தால் யாரையும் அப்படிப் பேசக்கூடாது என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்" என்கிறார்.

ஆர்டர் கொடுத்துத் துணி வாங்கும் பையர் தரப்பில் நடத்திய இரண்டு நாள் பயிற்சியில், ஆளை மதித்து, காதுகொடுத்துக் கேட்டு வேலை வாங்குவதுதான் இன்றைய தலைமை என்று சொல்லித்தந்திருக்கிறார்கள். அதை அப்படியே செய்யத் தொடங்கினார். லைனில் யாரும் சத்தம் போடக்கூடாது என்று சூப்பர்வைசர்களிடம் சொல்லிவிட்டார். எல்லோரையும் பெயர் சொல்லி "வாங்க, போங்க" என்று பேசுகிறார். பிறந்தநாளுக்குக் கேக். என்ன கஷ்டமென்றாலும் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்று போன் நம்பரையும் கொடுத்திருக்கிறார்.

ஆறு மாதத்தில் நடந்தது இது. லைன் செக்கிங்கில் விழும் ஆல்டர், அதாவது குறை கண்டு திருத்தத் திருப்பி அனுப்பும் பீஸ், ஏறக்குறைய இரண்டு மடங்கு. திங்கட்கிழமை ஆள் வருவதில்லை. "மேடம் இடம் கொடுத்துட்டாங்க" என்று சூப்பர்வைசர்கள் காதுபடவே பேசுகிறார்கள். "நல்ல பேரு வாங்கறதெல்லாம் அப்புறம், எனக்குப் பீஸ் வரணும்மா" என்கிறார் முதலாளி. கணவர் குடித்துவிட்டு அடிப்பதாக அழுத ஒரு டெய்லருக்குக் கைப்பணம் 5,000 ரூபாய் கொடுத்தார். அந்தப் பெண் இப்போது இவரைக் கண்டாலே ஒதுங்கிப் போகிறார். இதற்கு நடுவே, முதலாளியின் சொந்தக்காரரான ஒரு சூப்பர்வைசர் ஒடிசாப் பெண்களிடம் இரட்டை அர்த்தத்தில் பேசுகிறார், பண்டல் வாங்கும் சாக்கில் உரசுகிறார். தனியாகக் கூப்பிட்டு நல்லவிதமாகச் சொன்னால் "சரிங்கக்கா" என்கிறார். மறுநாள் அதே கதை.

மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். பழையபடி சத்தம் போட்டுத்தான் வேலை வாங்க வேண்டுமா? அந்த சூப்பர்வைசருக்கும் மனிதாபிமானத்தோடு இன்னொரு வாய்ப்பு கொடுப்பதா? இல்லை, இந்த வேலையே நமக்கு ஒத்துவராது என்று விட்டுவிடுவதா?

அன்புச் சகோதரி, முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். நீங்கள் எடுத்த முடிவு சரியானது, ஆனால் அதைப் பாதியில் நிறுத்தியிருக்கிறீர்கள். லைனில் பேசும் விதத்தை மாற்றினீர்கள். அந்தப் பேச்சை உண்டாக்கிய காரணங்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. உங்களுக்கு வந்திருக்கும் தொல்லைகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் வருகின்றன.

ஆல்டர் கூடியதா, வெளியே வந்ததா?

கடிதத்தின் நான்காம் பக்கத்தில், பேச்சுவாக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "கடைசி இரண்டு ஆர்டரும் ஃபைனல் இன்ஸ்பெக்ஷனில் முதல் தடவையே பாஸ்." இதற்கு முன்பு ஒரு ஆர்டரை மூன்று முறை பிரித்துப் பார்த்து மறுபடி பேக்கிங் செய்ததையும் சொல்கிறீர்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முன்பு ஒரு டெய்லருக்கு நீடில் முனை மழுங்கி, கழுத்து ரிப்பில் பொடி ஓட்டை விழுந்தால் என்ன செய்வார்? எழுந்து சொன்னால் நாலு பேர் முன்னால் ஏச்சு. அதனால் அந்தப் பீஸைப் பண்டலின் நடுவில் சொருகி, மேலும் கீழும் நல்ல பீஸ் வைத்துக் கட்டிவிடுவார். மழுங்கிய நீடிலிலேயே அடுத்த பண்டலும் ஓடும். அந்த ஓட்டை அயர்னிங் முடிந்து, மடித்து, பாலித்தீன் கவருக்குள் போகும்போது கண்ணில் படும். அல்லது பையரின் ஆள் பெட்டியைத் திறக்கும்போது. நீங்களே டெய்லராக இருந்தவர், இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இப்போது அந்தப் பெண் கை தூக்குகிறார், அல்லது ஓட்டை விழுந்த பீஸை மறைக்காமல் செக்கிங்குக்கு விடுகிறார். கணக்கில் ஆல்டர் ஒன்று கூடுகிறது. பெட்டியில் ஒன்று குறைகிறது.

1990களில் அமெரிக்காவில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர், மருத்துவமனை வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமை உள்ள வார்டில் தவறு குறைவாக இருக்கும் என்பதுதான் அவர் எதிர்பார்ப்பு. ஏடுகளைப் பார்த்தால் அங்கேதான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே இருந்த நர்சுகள் பயமில்லாமல் தவறைச் சொன்னார்கள், மற்ற இடங்களில் மறைத்தார்கள் என்பது பிறகு தெளிவானது. இந்தப் பயமின்மையை 'உளவியல் பாதுகாப்பு' என்ற பெயரில் விளக்கி 1999இல் அவர் எழுதிய கட்டுரைதான், உங்களுக்குக் கிடைத்தது போன்ற பயிற்சிகள் பலவற்றுக்கும் அடிப்படை.

இதை வைத்து, ஆல்டர் கூடியதெல்லாம் நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கவனமின்மையும் இருக்கலாம். பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. ஆல்டரை மொத்தமாக எண்ணாமல், எந்த வேலையில், எந்த மெஷினில், எந்த மணிக்கு விழுகிறது என்று இரண்டு வாரம் எழுத வையுங்கள். கூடவே ஃபைனலில் விழும் டேமேஜையும், செகண்ட்ஸாக, அதாவது இரண்டாம் தரமாக ஒதுங்கும் பீஸையும் பழைய ஆர்டர்களோடு ஒப்பிடுங்கள். லைனில் கூடி, ஃபைனலில் குறைந்தால் உண்மை வெளியே வருகிறது என்று பொருள். இரண்டிலும் கூடினால் வேலையில் கோளாறு.

சொன்னதற்குப் பலன் உடனே தெரிய வேண்டும், அதுதான் இதில் முக்கியம். டொயோட்டா ஆலைகளில் கோளாறைப் பார்க்கும் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்தோ பொத்தானை அழுத்தியோ தெரிவிக்கலாம். தெரிவித்ததும் டீம் லீடர் அங்கே வந்தாக வேண்டும், தீராவிட்டால் லைன் நிற்கும். உங்கள் லைனில் ஒரு பெண் கை தூக்கி, மெக்கானிக் வர முக்கால் மணி நேரம் ஆனால், அடுத்த முறை அவர் தூக்க மாட்டார். மெக்கானிக் எத்தனை நிமிடத்தில் வருகிறார் என்பதை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வாருங்கள். அன்பாகப் பேசுவதைவிட இந்த நோட்டுக்கு மரியாதை அதிகம்.

டார்கெட் போர்டும் பாத்ரூம் டோக்கனும்

சூப்பர்வைசர்கள் ஏன் சத்தம் போடுகிறார்கள்? சுபாவம் கொஞ்சம் இருக்கலாம். மீதி, மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட் எழுதியிருக்கும் அந்தப் போர்டில் இருக்கிறது. காலையில் கட்டிங்கிலிருந்து துணி வர ஒன்றரை மணி நேரம் தாமதம். டார்கெட் மட்டும் மாறாது. மாலை ஐந்து மணிக்கு ஜி.எம். வந்து போர்டைப் பார்த்து சூப்பர்வைசரைக் கேட்பார், அவர் திரும்பி டெய்லரைக் கேட்பார். நீங்கள் "சத்தம் போடாதீர்கள்" என்று மட்டும் சொன்னதில், அவருக்குத் தெரிந்த ஒரே வழியை அடைத்துவிட்டு வேறு வழியைக் காட்டாமல் விட்டுவிட்டீர்கள். அவர் உங்கள் மேல் கடுப்பாவதில் எனக்கு ஆச்சரியமில்லை. அவரும் உங்கள் தொழிலாளிதான்.

துணி தாமதமானால் அந்த மணியின் டார்கெட்டைக் குறைத்து, காரணத்தைப் போர்டிலேயே எழுதும் அதிகாரத்தை அவருக்கு வாங்கிக் கொடுங்கள். லைனில் எந்த மெஷின் முன்னால் பண்டல் குவிகிறது, யாரை அங்கே மாற்றிப் போடலாம் என்று பார்ப்பதுதான் அவருடைய உண்மையான வேலை. அதைச் சொல்லிக்கொடுங்கள், அதில் நீங்கள் கெட்டிக்காரர்.

பாத்ரூம் டோக்கன் பற்றி எழுதியிருக்கிறீர்கள். லைனுக்கு இரண்டு டோக்கன், ஒருவர் திரும்பி வந்தால்தான் அடுத்தவர் போகலாம். "இது முன்பிருந்தே உள்ள பழக்கம்" என்று கடந்துவிட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் மிகவும் வருத்தம் தந்த வரி அதுதான். டோக்கனுக்குப் பயந்து பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். சிறுநீர்த் தொற்று, மாதவிடாய் நாளில் அவஸ்தை, மதியத்துக்கு மேல் தலைவலி எல்லாம் அதிலிருந்து வரும். கேக் வெட்டுவதை நான் குறை சொல்லவில்லை, செய்யுங்கள். அதற்கு முன்னால் அந்த டோக்கனை எடுத்துவிடுங்கள். இரண்டு லைனுக்கு ஒரு ரிலீவர் டெய்லரைப் போட்டால் உற்பத்தி நிற்காது.

வெக்கையும் அப்படித்தான். தகரக் கூரைக்குக் கீழே சித்திரை மாதத்தில் யாருக்குமே கை ஓடாது. பெங்களூரைச் சுற்றியுள்ள ஆயத்த ஆடை ஆலைகளில் பழைய விளக்குகளை எடுத்துவிட்டு எல்.இ.டி. போட்டபோது தளத்தின் சூடு குறைந்து, வெயில் நாட்களில் உற்பத்தி ஏறியதை ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். முதலாளியிடம் சொல்ல உங்களுக்கு உதவும்.

திங்கட்கிழமை லீவு, 5,000 ரூபாய், ராத்திரி போன்

வாரம் ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட் ஓடுவதாகச் சொல்கிறீர்கள். அப்படியென்றால் திங்கட்கிழமை லீவை ஒழுக்கக் குறைவாக மட்டும் பார்க்காதீர்கள், உடம்பு தாங்கவில்லை. வாரத்துக்கு 48 மணி நேரம்தான் சாதாரண வேலை நேரம், அதற்கு மேலே இரட்டைச் சம்பளம் என்பது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்திலும் இருந்தது, புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு என்ற கணக்கும் அப்படியே. இந்த விடுப்பை முறையாகக் கேட்டு வாங்கும் வழி உங்கள் கம்பெனியில் இருக்கிறதா? இல்லையென்றால் சொல்லாமல் நின்றுவிடுவதுதான் அவர்களுக்குத் தெரிந்த வழி. முன்கூட்டிச் சொன்னவருக்கு லீவு, சொல்லாமல் நின்றவரிடம் மறுநாள் விசாரிப்பு, தொடர்ந்தால் எழுத்தில் எச்சரிக்கை. இதை எல்லோருக்கும் ஒரே மாதிரி வையுங்கள். கண்டிப்பாக இருப்பதற்கும் கேவலமாகப் பேசுவதற்கும் சம்பந்தமே கிடையாது. உங்களுக்கு இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்துபோயிருக்கிறது, பழைய இன்சார்ஜிடம் இரண்டையும் சேர்த்தே பார்த்ததால்.

அந்த டெய்லர் உங்களை விட்டு ஒதுங்குவது நன்றி கெட்டதனம் இல்லை. மேலதிகாரியிடம் கடன்பட்டுவிட்டோம், வீட்டு விஷயமெல்லாம் சொல்லிவிட்டோம் என்ற கூச்சம். "அந்தப் பணத்தை நினைச்சு சங்கடப்படாதீங்க, முடியறப்போ கொடுங்க" என்று ஒரு முறை சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். அவருக்குத் தேவை 181 என்ற பெண்கள் உதவி எண்ணும், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் மாவட்டத்துச் சகி மையத்தின் விலாசமும். அடிபட்டு வேலைக்கு வர முடியாமல் போனால், தகுதி நாட்கள் இருக்கும்பட்சத்தில் இ.எஸ்.ஐ.யில் சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும் என்பதையும் சொல்லுங்கள். ஒருவருடைய கஷ்டத்தைக் கேட்டு, சரியான இடத்துக்கு வழிகாட்டுவது இன்சார்ஜின் வேலை. அவர் குடும்பத்தைத் தூக்கிச் சுமப்பது உங்களால் ஆகாத காரியம்.

ராத்திரி எட்டரைக்கு மேல் அவசரத்துக்கு மட்டும் போன் என்று இந்த வாரமே சொல்லிவிடுங்கள். விடுதிப் பெண்களுக்கு மட்டும் விதிவிலக்கு வையுங்கள், அவர்களுக்கு இந்த ஊரில் வேறு ஆளில்லை.

அந்த சூப்பர்வைசரை மன்னிக்கும் உரிமை உங்களுக்கு இல்லை

இங்கே நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மனிதரை மையமாக வைப்பது என்றால், இந்த விஷயத்தில் அந்த மனிதர் ஒடிசாவிலிருந்து வந்த அந்தப் பெண். இன்னொரு வாய்ப்பு கொடுப்பதற்கு, பாதிக்கப்பட்டது நீங்கள் இல்லை.

2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின்படி, தொடுவது மட்டுமல்ல, பாலியல் சாயல் கொண்ட பேச்சும் பாலியல் துன்புறுத்தல்தான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார் குழு இருந்தாக வேண்டும். பெண் ஒருவர் தலைமை, வெளியிலிருந்து ஓர் உறுப்பினர், பாதிப் பேராவது பெண்கள். அமைக்காத நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். கான்ட்ராக்டில் வந்தவர்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் பாதிக்கப்பட்டவர் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் கூட்டித் தரலாம். எழுத முடியாதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை. சமரசம் என்பது அந்தப் பெண்ணே கேட்டால்தான் நடக்கலாம், அதிலும் பணம் கொடுத்து முடிக்கக் கூடாது. தனியாகக் கூப்பிட்டுப் பேசி முடிப்பது சட்டத்தின் வழியே இல்லை. உரசியதற்குக் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கும் உரிமையும் அவருக்கு உண்டு.

நீங்கள் யோசிக்காத ஒன்று. அந்தச் சட்டத்தில் 'முதலாளி' என்ற சொல்லுக்குள், பணியிடத்தின் நிர்வாகத்துக்கும் மேற்பார்வைக்கும் பொறுப்பானவர்களும் வருகிறார்கள். தெரிந்தும் சும்மா இருந்தீர்கள் என்ற கேள்வி நாளைக்கு உங்களை நோக்கியும் வரலாம்.

ஆகவே, பார்த்ததையும் கேட்டதையும் தேதி போட்டு எழுதி, குழுத் தலைவருக்கும் நிர்வாகத்துக்கும் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் புகார் தராவிட்டாலும் ஒழுங்கீனம் என்ற முறையில் நிர்வாகம் அவரை விசாரிக்க முடியும். ஒடியா தெரிந்த ஒரு பெண்ணை வைத்து, விடுதியில், சூப்பர்வைசர்கள் இல்லாத நேரத்தில் அவர்களுக்கு உரிமைகளைச் சொல்லுங்கள். புகார் கொடு என்று யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள். "விட்டுடுங்கக்கா" என்று அவர்கள் சொல்வது வேலையும் தங்குமிடமும் ஒரே கையில் இருப்பதால். அந்தப் பெண்களை வேறு லைனுக்கு மாற்றுவதும், அவரை வேறு லைனுக்கு அனுப்புவதும் தீர்வு இல்லை. முதலில் சொன்னது பாதிக்கப்பட்டவருக்குத் தண்டனை, இரண்டாவது அடுத்த லைனுக்கு ஆபத்து.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று உங்களுக்குத் தோன்றும். 2021 தொடக்கத்தில் திண்டுக்கல் பக்கம் ஓர் ஆடை ஆலையின் இளம் பெண் தொழிலாளி கொலையானார், அவருடைய சூப்பர்வைசர் கைதானார். அதன் பிறகு பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் போராடி, 2022இல் ஆலை நிர்வாகத்தோடும் வெளிநாட்டு பிராண்டோடும் திண்டுக்கல் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. லைனில் வேலை செய்யும் பெண்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள் பயிற்சி பெற்று, துன்புறுத்தலைக் கண்டால் எடுத்துச் சொன்னார்கள். பழிவாங்கக் கூடாது என்பது அதில் எழுதப்பட்ட விதி. திருப்பூரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் நடந்த விஷயம் இது.

முதலாளியிடம் என்ன பேசுவது, எப்போது விலகுவது

அவர் பீஸ் வேண்டும் என்கிறார். அது நியாயமான எதிர்பார்ப்பு, பீஸ் கணக்கிலேயே பேசுங்கள். மூன்று முறை பிரித்துப் பேக்கிங் செய்த அந்த ஆர்டருக்கு எவ்வளவு செலவு? ஷிப்மென்ட் தவறி விமானத்தில் அனுப்பியது உண்டா? ஒரு டெய்லர் நின்றுபோனால் புதிதாக ஒருவர் கை பழக எத்தனை வாரம்? இந்தக் கணக்கை ஒரே தாளில் எழுதிக் கொண்டு போய், ஒரு லைனை மட்டும் ஒரு ஆர்டர் முடியும்வரை உங்கள் வழியில் நடத்த அனுமதி கேளுங்கள். டோக்கன் இல்லாமல், மெக்கானிக் நேரம் குறித்து, துணி தாமதத்தைப் போர்டில் எழுதி. அவர் ஒத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது.

சொந்தக்காரர் விஷயத்தை இதோடு கலக்காதீர்கள். அதில் பேரம் கிடையாது. பையரின் தணிக்கையில் இது தெரியவந்தால் ஆர்டருக்கே ஆபத்து என்பதை முதலாளியும் அறிவார், அதைச் சொல்லத் தயங்க வேண்டாம்.

எழுத்தில் கொடுத்த பிறகும் குழு கூடவில்லை, உங்களைத்தான் ஒதுக்குகிறார்கள் என்றால், மாவட்ட அளவில் ஆட்சியர் நியமிக்கும் உள்ளூர் புகார் குழுவையும் சமூகநல அலுவலரையும் அணுகுங்கள். பையர் கொடுத்த புகார் எண் தளத்தில் எங்காவது ஒட்டியிருக்கும், அதையும் பயன்படுத்தலாம். அதன் பிறகு விலகுவதானால் அது தோல்வி ஆகாது. நான்கு லைன் நடத்தத் தெரிந்த பெண் இன்சார்ஜுக்குத் திருப்பூரில் வேலை கிடைக்கும். சம்பளச் சீட்டுகள், அனுபவச் சான்று, பி.எஃப். கணக்கு எண் எல்லாவற்றையும் இப்போதே கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இன்றைக்கு விலகினால், புகார் எழுதப்படாமலே போகும், அந்த லைனில் இருக்கும் பெண்களுக்குக் கேட்க ஆளிருக்காது. முதலில் அந்தக் கடிதத்தைக் கொடுங்கள். இரண்டு வார ஆல்டர் கணக்கு கிடைத்ததும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.